கையால் அடித்ததெல்லாம் காலத்துக்கும் நிற்குமா?

"கையால் அடித்தது" என்று ஒரு சீட்டு ஒட்டிவிட்டால் போதும், தோட்டக் கருவியின் விலை மளமளவென்று ஏறிவிடுகிறது. கோலாலம்பூரின் பங்சாரில் பால்கனியில் தொட்டி வைத்திருப்பவர் முதல் கொல்லைப்புறத்தில் வெண்டையும் பாகலும் போடுபவர் வரை, இந்தச் சீட்டை நம்பி வாங்குகிறவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். அவர்கள் சொல்லும் காரணம் எளியது. ஆலையில் தகடாக வெட்டி எடுத்த கருவி இரண்டு மழைக்காலம் தாங்காது. கொல்லர் உலையில் காய்ச்சி அடித்தது பேரன் காலத்துக்கும் வரும் என்கிறார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி என்று தெரியாமல் காசை இறக்குவதுதான் சிக்கல்.

இந்தக் கேள்வியைப் பங்சாரில் வைத்துக் கேட்பதற்கு நியாயம் உண்டு. தெலாவி வீதிகளின் காப்பிக் கடைகளுக்குப் பேர்போன இந்த வட்டாரம், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் தோட்டமாக இருந்தது. பங்க், கிரிசார் என்ற இரு ஐரோப்பிய முதலாளிகளின் பெயர் சேர்ந்துதான் பங்சார் ஆயிற்று என்பது இங்கே வழங்கும் பெயர்க்கதை. கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்களில் உழைத்தவர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகள் திரட்டி வந்த கூலிகள். 1938இல் இந்திய அரசு அந்த ஆள் அனுப்பும் முறைக்குத் தடை போட்டதோடு அந்த வரத்து நின்றது. அவர்கள் கையில் முக்கியமாக இருந்தவை மூன்று கருவிகள்: மலாய்க்காரர்கள் சங்குல் என்று சொல்லும் மண்வெட்டி, பாராங் கத்தி, பால் வெட்டும் கத்தி.

தோட்டம் போய் பங்களாக்கள் வந்தன. ஆனால் மண்வெட்டிக்கு வேலை போய்விடவில்லை. 2017இல் நிலவடிவமைப்புக் கலைஞர் இங் செக் சான் முன்னின்று தொடங்கிய கெபுன் கெபுன் பங்சார் என்ற சமூகத் தோட்டம், மின்கம்பிகள் போகும் ஒதுக்கு நிலத்தின் சரிவில், அதே குன்றுகளை மறுபடி கொத்த வைத்திருக்கிறது. அங்கே தொண்டு செய்ய வருகிறவர்களில் பலருக்கு வாழ்க்கையிலேயே முதல் மண்வெட்டி அதுதான். எதை வாங்குவது என்ற கேள்வி அங்கிருந்தும், அதைச் சுற்றியுள்ள வீட்டுத் தோட்டங்களிலிருந்தும் வருகிறது.

மண்ணைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். இது செம்மஞ்சள் களி. மழை பெய்த மறுநாள் மண்வெட்டியின் இலையில் அப்பிக்கொண்டு கனம் கூட்டும். வெயில் தொடர்ந்து காய்ந்தால் கல்லாய் இறுகும். 1881இல் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து கோலாலம்பூரைப் புரட்டிப் போட்ட பிறகு, ஊரைச் செங்கல்லில் திரும்பக் கட்ட முடிவு செய்தபோது, பக்கத்துப் பிரிக்பீல்ட்ஸில் சூளைகள் எழுந்தது இந்தக் களியை நம்பித்தான். மேற்குக் குன்றுகள் பலவற்றின் அடியில் கென்னி ஹில் பாறைத்தொகுதி கிடப்பதால், களிக்குள்ளே குவார்ட்சைட் துண்டுகளும் ஒளிந்திருக்கும். மென்மையான இலை இவற்றில் மடங்கும், அதிகம் கெட்டிப்படுத்திய இலை பல் உடையும். ஐரோப்பாவின் பொலபொலப்பான கரிய மண்ணை மனத்தில் வைத்துச் செய்த கருவிக்கு இங்கே கிடைப்பது வேறு பரீட்சை.

எஃகும் பதமும்

ஒரு கருவி நீடிக்குமா என்பதை நான்கு கேள்விகளால் தீர்மானிக்கலாம். எஃகு என்ன, பதம் எப்படி? இலையும் காம்பும் சேரும் இடம் எப்படி? இந்த மண்ணுக்கும் உங்கள் உடம்புக்கும் ஒத்துவருமா? கெட்டுப்போனால் சரிசெய்ய ஆள் பக்கத்தில் உண்டா? யார் அடித்தார், எதால் அடித்தார் என்பது இந்த நான்கில் இல்லை. வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன்.

இரும்பில் கரி எவ்வளவு கலந்திருக்கிறது என்பதிலிருந்துதான் எல்லாம் தொடங்குகிறது. 0.25 விழுக்காட்டுக்கும் குறைவாகக் கரி உள்ளது மெல்லிரும்பு. அதை எத்தனை முறை காய்ச்சித் தோய்த்தாலும் முனை பிடிக்காது. லாரியின் ஸ்பிரிங் பட்டையில் கரி ஏறக்குறைய 0.6 விழுக்காடு, கூடவே குரோமியமோ சிலிக்கானோ மாங்கனீசோ சேர்ந்திருக்கும். சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தியில் அரிவாள் அடிப்பவரும், மலேசியாவில் பாராங் அடிப்பவரும் ஒருவரையொருவர் அறியாமலே பழைய ஸ்பிரிங் பட்டையைத் தேடிப் போவது இதனால்தான். மலிவு, கிடைக்கும், கெட்டிப்படும்.

கரி இருந்தால் மட்டும் போதாது. பட்டையைக் காந்தம் ஒட்டாத வெப்பத்துக்கு, அதாவது 770 பாகை செல்சியசுக்கும் சற்று மேலே காய்ச்சி, எண்ணெயில் தோய்க்க வேண்டும். அப்போது அது கண்ணாடி போலக் கெட்டிப்படும், கண்ணாடி போலவே நொறுங்கவும் செய்யும். அதனால் மறுபடி இளஞ்சூடு காட்ட வேண்டும். தேய்த்துப் பளபளப்பாக்கிய இரும்பின் மேல் நிறம் ஓடும். 230 பாகையை ஒட்டி வைக்கோல் நிறம், 260ஐ ஒட்டிப் பழுப்பு, 280ஐ ஒட்டி ஊதா, 300ஐ ஒட்டி நீலம். வெட்டும் கத்திக்கு வைக்கோலுக்கும் பழுப்புக்கும் நடுவே நிறுத்துவார்கள். கல்லில் மோதும் மண்வெட்டியை நீலம் வரைக்கும் விட்டுப் பதத்தை இளக்கிக்கொள்வார்கள். அனுபவமுள்ள கொல்லர் இதை வெப்பமானி இல்லாமல் கண்ணால் பார்த்துச் செய்கிறார். வியக்கத்தக்க திறமைதான்.

அதே திறமைதான் இந்த முறையின் பலவீனமும்கூட. நிறம் பார்ப்பது பட்டறையின் வெளிச்சத்தைப் பொறுத்தது. காலையில் அடித்த கத்திக்கு ஒரு பதம், மேகம் மூடிய மாலையில் அடித்ததற்கு இன்னொரு பதம் என்று ஆகிவிடலாம். உலையில் இரும்பு அளவுக்கு மேல் காய்ந்து பொறி பறந்தால் எஃகு கருகிவிட்டது என்று பொருள். அதன்பின் எந்தத் தோய்ச்சலும் அதைக் காப்பாற்றாது. ஸ்பிரிங் பட்டை புதிய எஃகும் அல்ல. பல ஆண்டு லாரிக்கு அடியில் வளைந்து வளைந்து களைத்தது. மயிரிழை விரிசல்கள் உள்ளே இருக்கக்கூடும். நல்ல ஆலை உலையில் வெப்பம் கட்டுக்குள் இருக்கிறது, எஃகின் கலவையும் தெரிந்தது. நூறு மண்வெட்டி எடுத்தால் நூறும் ஏறக்குறைய ஒரே பதம். ஆகவே "கையால் அடித்தால் எஃகு உறுதியாகும்" என்ற பொதுப்பேச்சை ஏற்க முடியாது. இயந்திரச் சுத்தியலும் இரும்பைக் காய்ச்சித்தான் அடிக்கிறது.

அப்படியானால் கை எதைத் தருகிறது? வடிவத்தைத் தருகிறது. வடிவம் என்றால் அழகு அல்ல, இரும்பை வேண்டிய இடத்தில் வைப்பது. ஒரு நல்ல பாராங்கை முதுகுப்பக்கம் தூக்கிப் பாருங்கள். பிடியருகே தடிமனாகத் தொடங்கி நுனிக்குப் போகப்போக மெலிந்து, முதுகிலிருந்து வாய்ப்பக்கம் இறங்கும்போது மறுபடி மெலியும். கனம் எங்கே வேண்டுமோ அங்கே. கொல்லர் வாயை மட்டும் கெட்டிப்படுத்தி முதுகை இளகவிடவும் முடியும். அப்போது வாய் கூர் பிடிக்கும், முதுகு அதிர்ச்சி தாங்கும். ஒரே தகட்டில் வெட்டியெடுத்த மலிவுக் கத்தி முழுக்க ஒரே தடிமன், ஒரே பதம். கையில் எடுத்தவுடன் தட்டையாகத் தெரியும். கை வேலைக்கு உள்ள நியாயமான பாதி இதுதான். வெட்டும் கருவிகளில் இது பெரிய வேறுபாடு, தோண்டும் கருவிகளில் சிறிய வேறுபாடு.

கடையில் நின்று எப்படிக் கண்டுபிடிப்பது? பிரிக்பீல்ட்ஸ் ஹார்ட்வேர் கடை ஒன்றில், தோட்டப்புறத்தில் வளர்ந்த ஒரு பெரியவர் பாராங் வாங்கும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன். சட்டைப்பையிலிருந்து தேய்ந்த அரம் ஒன்றை எடுத்தார். கடைக்காரரிடம் கண்ணால் கேட்டுவிட்டு, கத்தியின் வாயில் ஓர் ஓரமாக இரண்டு இழுப்பு. முதல் இழுப்பில் அரம் கடித்தது. இரண்டாவதில் வழுக்கிக்கொண்டு போனது. "மேல்தோல் மெத்துன்னு இருக்கும் தம்பி, அது உலையில வெந்த தோல். உள்ள வழுக்குதா பாரு. மொத இழுப்புல ஏமாந்திராதே லா" என்றார். அடுத்து கத்தியை இரு விரலில் தொங்கவிட்டு நகத்தால் சுண்டிக் காதருகே பிடித்தார். ஒலி நீண்டு நின்றால் விரிசல் இல்லை, தட்டென்று செத்தால் சந்தேகம். கடைசியாக வாயைக் கண்ணுக்கு நேரே பிடித்துக் கோணல் இருக்கிறதா என்று பார்த்தார். மூன்று கத்திகளில் இரண்டைத் திருப்பி வைத்துவிட்டு மூன்றாவதற்குக் காசு கொடுத்தார். மூன்றிலும் ஒரே முத்திரை, ஒரே விலை.

அந்தப் பெரியவர் காட்டியது உலோகவியலும் ஒப்புக்கொள்ளும் பரீட்சை. உலைக்காற்றில் மேற்பரப்பின் கரி எரிந்துபோவதால் மேல்தோல் மென்மையாகவே இருக்கும். அதைக் கடந்து அரம் வழுக்கினால் உள்ளே பதம் ஏறியிருக்கிறது. இந்தச் சோதனையைச் செய்யவிடாத இடத்தில், குறிப்பாக இணைய அங்காடியில், "கையால் அடித்தது" என்ற சொல்லுக்குச் சாட்சி கிடையாது. சுத்தியல் தடத்தை அச்சில் அழுத்திப் பதித்து விற்பது கடினமான காரியமே இல்லை.

காதும் காம்பும்

தோட்டக் கருவிகள் இலையில் உடைவதைவிட இணைப்பில் உடைவதே அதிகம். ஆகவே வாங்கும்போது இலையைப் பார்க்கும் நேரத்தைவிடக் காம்பு நுழையும் காதைப் பார்க்கும் நேரம் கூடுதலாக இருக்க வேண்டும். மண்வெட்டியின் வட்டக் காதும் இலையும் ஒரே இரும்பாக அடித்ததா, தனியாகச் செய்து பற்றவைத்ததா? பற்றவைத்திருந்தால் கோடு இருபுறமும் முழுச் சுற்றாக ஓடுகிறதா, அங்கங்கே புள்ளி வைத்திருக்கிறார்களா? புள்ளி வைத்தது களியில் நெம்பும்போது முதல் ஆண்டிலேயே பிளக்கும்.

வட்டக் காதின் பெருமை வேறொன்று. காம்பின் ஒரு முனை பருத்திருக்கும். மறுமுனையிலிருந்து இலையைக் கோத்து இழுத்தால் பருத்த இடத்தில் வந்து இறுகும். ஓங்கிப் போடும் ஒவ்வொரு வீச்சும் அதை மேலும் இறுக்கும். கழற்ற வேண்டுமானால் காம்பைத் தரையில் ஒரு தட்டு, அவ்வளவுதான். காம்பு உடைந்தால் இலையை எறிய வேண்டியதில்லை. மேல்நாட்டுக் கைக்கரண்டியில் வால்பகுதியை மரத்துக்குள் செருகிப் பூண் போட்டிருப்பார்கள், அல்லது குழலில் மரத்தைச் செருகி ஆணி அடித்திருப்பார்கள். வேலை நேர்த்தியாக இருக்கும். ஆனால் மரம் சுருங்கியபின் அதை மறுபடி இறுக்குவது வீட்டில் நடக்கிற காரியம் அல்ல.

மரத்தையும் விசாரிக்க வேண்டும். ஐரோப்பியக் கருவிகளில் பெரும்பாலும் ஆஷ் மரம். அதிர்ச்சி தாங்குவதில் அதற்கு நிகர் குறைவு. ஆனால் அழுகலை எதிர்ப்பதில் ஐரோப்பியத் தரவரிசையே அதைக் கடைசி வகுப்பில் வைத்திருக்கிறது. காற்றின் ஈரம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டி நிற்கும் ஊரில், தாழ்வாரத்தில் சாத்திவைத்த ஆஷ் காம்பைப் பூஞ்சையும் கரையானும் தேடிவரும். உள்ளூர் ரப்பர் மரக் காம்புக்கும் அதே குறை உண்டு. மாவுச்சத்து மிகுந்த மரம் என்பதால் வண்டு விழும். எது வாங்கினாலும், இழைகள் காம்பின் நீளத்தோடு நேராக ஓடுகின்றனவா, நடுவில் முடிச்சு இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது மரத்தின் பெயர் கேட்பதைவிடப் பயன் தரும்.

களத்தில் உள்ளவர்கள்

இப்போது போட்டியாளர்களை ஒவ்வொருவராக நிறுத்தலாம்.

முதலாவது, உள்ளூர்ப் பட்டறையின் ஸ்பிரிங் பட்டைக் கருவி. பீடோர், பெந்தோங் என்று ஊர்ப்பெயர் தாங்கிய பாராங்குகள் இந்த மரபில் வந்தவை. வெட்டுகிற வேலையில் இவற்றுக்கு ஈடு இல்லை. வாழைமரம் சாய்க்க, வேலி கவ்வாத்து செய்ய, தேங்காய் உரிக்க, விறகு பிளக்க ஒரே கத்தி போதும். விலை சில பத்து வெள்ளியிலிருந்து நூற்றுச் சொச்சம் வரை. குறை, தரம் சீராக இல்லாதது. அரம் வைத்துப் பார்க்கத் தெரிந்தவருக்கு இது குறையே அல்ல, தெரியாதவருக்கு இது சூதாட்டம். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மலேசியாவின் 1958ஆம் ஆண்டு அபாயகர ஆயுதங்கள் சட்டப்படி, தக்க காரணம் இல்லாமல் பொது இடத்தில் பாராங்கோடு திரிவது குற்றம். தோட்டத்துக்குக் கொண்டு போனால் உறையிலிட்டு மற்றக் கருவிகளோடு கட்டிக் கொண்டுபோங்கள். கார் இருக்கைக்கு அடியில் மறந்துவிட்டுப் போகிற சாமான் அல்ல இது.

இரண்டாவது, ஆலையில் அச்சுச் சுத்தியலால் அடித்த மண்வெட்டி. காலனி ஆட்சிக் காலத்தில் இங்கிலாந்தின் முதலை முத்திரைக் கருவிகள் உலகெங்கும் தோட்டங்களுக்குப் போயின. இந்தியாவில் டாடா அக்ரிகோ 1925இலிருந்து அதே வேலையைச் செய்து வருகிறது. கோடிக்கணக்கான ஏக்கரை வெட்டியவை இந்தக் கருவிகள்தான் என்பதை நினைவில் வைக்க வேண்டும். நம் தாத்தாக்களின் கையில் இருந்த மண்வெட்டி எல்லாம் ஊர்க்கொல்லர் அடித்தது என்ற கற்பனையை ரப்பர் தோட்டங்களின் வரலாறு ஆதரிக்கவில்லை. அவற்றில் நிறைய கப்பலில் வந்த ஆலைச் சரக்கு. சீரான பதமும் ஒன்றாக அடித்த காதும் உள்ள ஆலை மண்வெட்டி களிமண்ணில் பத்து, பதினைந்து ஆண்டு சாதாரணமாக உழைக்கும். மெல்லிய தகட்டை மடித்துக் காதைப் பற்றவைத்த மலிவுச் சரக்கை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. இரண்டுக்கும் ஒரே அலமாரியில்தான் இடம், விலை வேறுபாடும் பெரிதல்ல. ஆனால் தூக்கிப் பார்த்தால் கனம் சொல்லிவிடும்.

மூன்றாவது, கடல் கடந்து வரும் உயர்விலைக் கருவிகள். நெதர்லாந்தில் 1898இல் தொடங்கிய டிவிட் போரான் எஃகில் அடிக்கிறது. 1913இல் தொடங்கிய ஸ்னீபூர் துருப்பிடிக்காத எஃகில் கையாலேயே அடிக்கிறது. ஜப்பானில் நீகாத்தாவின் சான்ஜோவும் கோச்சியின் தோசா வட்டாரமும் மென்மையான இரும்போடு மிகக் கெட்டியான எஃகை ஒட்டவைத்து அடிக்கும் மரபைக் காத்து வருகின்றன. வேலைப்பாட்டில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. எடுத்துப் பார்த்தால் வைக்க மனம் வராது. ஆனால் பங்சாருக்கு என்று கேட்டால் பிரித்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

போரான் எஃகு இந்த மண்ணுக்கு ஏற்றது. ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் மிகக் குறைந்த போரானே பதத்தை ஆழம்வரை இறக்கிவிடும். கல் தட்டினாலும் எளிதில் பல் போகாது. துருப்பிடிக்காத எஃகில் களி ஒட்டாமல் விழும், கழுவி வைத்தால் போதும். தொட்டியிலும் பால்கனியிலும் வேலை செய்பவருக்கு அது உண்மையான வசதி. பளபளப்பான கருவிகள் எல்லாம் ஒரே இனம் அல்ல என்பதை மட்டும் மறக்கக் கூடாது. துருப்பிடிக்காத எஃகில் சில வகைகளைத் தோய்த்துக் கெட்டிப்படுத்தவே முடியாது. அவை கல்லில் பட்டால் வாய் மடங்கும். ஜப்பானிய மிகைக்கெட்டி வாய் களையை மழிப்பதுபோல் அறுக்கும். குவார்ட்சைட் துண்டில் ஒருமுறை மோதினால் பல் விழும், சாணையில் அதைச் சரிசெய்யப் பாதி வாய் போகும். மிருதுவாக்கிய பாத்தியில் அது அரசன், புதிதாய்க் கொத்தும் சரிவில் அது அந்நியன்.

நீண்ட காம்பு மேல்நாட்டு மண்வாரியில் இன்னொரு முரண் இருக்கிறது. காலால் மிதித்து இறக்கச் செய்த கருவி அது. பூட்ஸ் போட்ட காலை எதிர்பார்க்கிறது. இங்கே தோட்ட வேலை பெரும்பாலும் ஜப்பான் சிலிப்பரில் நடக்கிறது. சரிவில் நின்று மண்ணைத் தன் பக்கம் இழுத்து மேடை கட்டுவதற்கு மண்வெட்டிதான் பொருந்தும். இலைக்கும் காம்புக்கும் உள்ள கோணம் ஒடுங்கியிருந்தால் இழுக்க வசதி, விரிந்திருந்தால் கொத்த வசதி. குட்டையானவரும் நெட்டையானவரும் ஒரே காம்பில் வேலை செய்தால் ஒருவருக்கு இடுப்பு போகும். ஒன்றரை கிலோ இலையா, இரண்டு கிலோவா என்பதையும் கௌரவம் பார்க்காமல் தீர்மானிக்க வேண்டும்.

கருவி நல்லதானால் வேலையும் நல்லதாகிவிடாது என்பதற்கு மலாயாத் தோட்டங்களே சான்று. தொடக்கக்கால ரப்பர் தோட்டங்களில் ஒரு புல் விடாமல் மண்வெட்டியால் செதுக்கித் தரையை மொட்டையாக்குவதே ஒழுங்கு என்று கருதினார்கள். மழையில் மேல்மண் அடித்துக்கொண்டு போயிற்று. பிறகுதான் மூடுபயிர்க் கொடிகளைப் படரவிடும் முறை நிலைத்தது. பங்சார் சரிவில் இன்று தோட்டம் போடுபவர் மண்வெட்டியை மேடை கட்டவும் குழி எடுக்கவும் வைத்துக்கொண்டு, களையை அரிவாளால் தரைமட்டத்தில் அறுத்து வேரை மண்ணிலேயே விடுவது நல்லது. அப்படிச் செய்தால் மண்வெட்டியும் குறைவாகத் தேயும்.

பராமரிப்பு: பழைய நம்பிக்கைகளும் புதிய எண்ணெய்களும்

கோலாலம்பூரில் ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் மழை. மதுரையில் பெய்வதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. காற்றின் ஈரம் 60 விழுக்காட்டைத் தாண்டினாலே இரும்பு துருவேறத் தொடங்கும் என்றால், இங்கே கருவிக்கு ஓய்வுநாளே கிடையாது. ஆகவே ஊரில் செல்லும் பராமரிப்பு இங்கே அப்படியே செல்லாது.

எளிதாகப் பரவியிருக்கும் அறிவுரை, வாளியில் மணல் நிரப்பிப் பழைய இன்ஜின் எண்ணெய் ஊற்றி அதில் கருவியைக் குத்தி வைப்பது. துரு வராது என்பது சரி. ஆனால் பழைய எண்ணெயில் உள்ள உலோகத் துகளும் கரிக்கழிவும் நேராக உங்கள் கீரைப்பாத்திக்குப் போகும். விளக்கெண்ணெய் போதும். கெட்டியானது, காய்ந்து பிசினாகாது, இரும்பில் பிடித்து நிற்கும். தேங்காய் எண்ணெயும் சரிவரும், அடிக்கடி பூச வேண்டும். நல்லெண்ணெய் நாளானால் பிசுபிசுத்து மண்ணைப் பிடிக்கும். இரும்புக்கு இவை, காம்புக்கு வேறு. காம்புக்குக் காயும் தன்மையுள்ள ஆளிவிதை எண்ணெயைத் துணியால் தேய்த்து ஊறவிட வேண்டும். அந்தத் துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. விரித்துக் காயவைத்தபின் எறியுங்கள்.

உரம் போட்ட நாளில் கருவியைக் கழுவாமல் வைப்பது துருவுக்கு விருந்து. பொட்டாஷ் உரத்தில் உள்ள குளோரைடு இரும்பை உப்புக்காற்று போலவே தின்னும். ஏறிய துருவைப் புளிக்கரைசலில் ஊறவைத்துத் தேய்த்தால் போகும். பித்தளைப் பாத்திரம் துலக்கிய கைகளுக்கு அது புதிதல்ல. ஆனால் அமிலம் துருவோடு நிற்காது, இரும்பையும் தொடும். ஆகவே வேலை முடிந்ததும் நன்றாக அலசி, துடைத்து, உடனே எண்ணெய் பூச வேண்டும்.

ஆடும் மண்வெட்டியை இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டு வைக்கும் பழக்கம் நம் ஊரிலும் உண்டு, இங்கும் உண்டு. மறுநாள் காலை இறுகியிருக்கும். ஆனால் ஊதிய மரம் இரும்புக் காதுக்குள் இடமில்லாமல் நசுங்குகிறது. காய்ந்தபின் முன்பைவிட அதிகம் ஆடும். அவசரத்துக்கு ஒருநாள் சரி, பழக்கமாக்கினால் காம்பு போகும். காம்பைத் தட்டிக் கழற்றி, ஒரு பக்கம் சீவி மறுபடி ஏற்றுவதோ, ஆப்பு வைப்பதோதான் முறை.

கூர் பிடிப்பதில் ஒரு தவறு கருவியை ஒரே நிமிடத்தில் கொன்றுவிடும். மின்சாணையில் வாயை அழுத்திப் பிடித்தால், ஓரத்தில் நீலம் பாரிப்பதைக் காணலாம். பார்க்க அழகாகத்தான் இருக்கும். அந்த நீலம் ஓடிய இடத்தில் பதம் இறங்கிவிட்டது. கொல்லர் வைக்கோல் நிறத்தில் நிறுத்தி வைத்த கத்தி அந்த இடத்தில் இனி கூர் நிற்காது. பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு, விரலால் தொட முடியாத சூடு ஏறுமுன் நனைத்து நனைத்துப் பிடிக்க வேண்டும். அதைவிட அரம் நல்லது. மண்வெட்டிக்கு ஒரு பக்கம் மட்டும் சாய்வு கொடுத்தால் போதும்; மறுபக்கத்தில் எழும் பிசிறை ஒரே இழுப்பில் எடுத்துவிடலாம். மண்வெட்டியைச் சவரக்கத்தி ஆக்க முயல்வது வீண். கல்லைத் தொட்டதும் அந்த மெல்லிய வாய் போய்விடும்.

ரப்பர் பால் வெட்டியவர்களிடம் இதற்கான பாடம் இருக்கிறது. பட்டையை ஒரு மில்லிமீட்டர் சொச்சம் கனத்துக்குச் சீவ வேண்டும். ஆழம் போனால் மரம் காயப்படும், மேலோட்டமானால் பால் வராது. கத்தி மழுங்கினால் வருமானம் குறையும். அதனால் கல்லில் தீட்டுவது அவர்களுக்கு அன்றாட வேலையின் முதல் பகுதி, பராமரிப்பு என்ற தனிப் பெயர்கூட அதற்கு இல்லை. அடிக்கடி கொஞ்சம் தீட்டினால் இரும்பு கொஞ்சமாகத் தேயும். ஆண்டுக்கு ஒருமுறை சாணையில் கொடுத்து எடுப்பவர், அந்த ஒரே நாளில் பல ஆண்டுத் தேய்மானத்தைக் கொடுத்துவிடுகிறார்.

தீர்ப்பு

நான்கு கேள்விகளையும் வைத்துக் கூட்டினால், "கையால் அடித்தது" என்பது தன்னளவில் ஒரு தகுதி அல்ல என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. சில வேலைகளுக்கு அது உண்மையான தகுதி, சில வேலைகளுக்கு வெறும் கூடுதல் விலை.

வெட்டும் கருவிகளில் கை வேலைக்கே வெற்றி. பாராங், அரிவாள், களைக்கொத்து ஆகிய மூன்றும் தடிமன் மாறி மாறி மெலிய வேண்டியவை, வாயில் ஒரு பதமும் முதுகில் இன்னொரு பதமும் கேட்பவை. உள்ளூர்ப் பட்டறையின் ஸ்பிரிங் பட்டைச் சரக்கை அரம் வைத்துப் பார்த்து வாங்கினால், கடல் கடந்து வரும் கத்தி அதற்கு மேல் எதையும் பெரிதாகத் தந்துவிடாது. தோண்டும் கருவிகளில் தோல்வி. மண்வெட்டிக்கும் கடப்பாரைக்கும் வேண்டியது சீரான பதமும் ஒன்றாக அடித்த காதும். அதை நல்ல ஆலை உள்ளூர்ப் பட்டறையைவிட நம்பகமாகத் தருகிறது, மேல்நாட்டுக் கைவேலையைவிட மிகக் குறைந்த விலைக்கும் தருகிறது. தொட்டிக்கும் மேடைப்பாத்திக்கும் பயன்படும் கைக்கரண்டியில் சமநிலை. பணம் இருந்து, பொருளின் அழகும் முக்கியம் என்றால் டச்சுக் கருவி வாங்குவதில் தவறில்லை. ஆனால் அது தேவை அல்ல, விருப்பம்.

என் கணக்கில் மிகக் கூடுதல் மதிப்பெண் நான்காவது கேள்விக்குத்தான். காம்பு மாற்றிக்கொடுக்க, வாய் போனால் உலையில் வைத்து மறுபடி அடித்துக்கொடுக்க ஒருவர் ஒருமணி நேரத் தொலைவில் இருந்தால், சுமாரான கருவியும் இருபது ஆண்டு நிற்கும். அப்படி யாரும் இல்லையென்றால் உலகின் சிறந்த கருவியும் முதல் உடைவோடு சுவரில் மாட்டும் காட்சிப்பொருள்தான். பட்டறைகள் குறைந்து வரும் கிள்ளான் பள்ளத்தாக்கில் இது சிறிய கவலை அல்ல. பங்சார்க்காரர் ஒருவர் ஒரு வெளிநாட்டு மண்வாரிக்குக் கொடுக்கும் பல நூறு வெள்ளியில், ஆலை மண்வெட்டி ஒன்று, பட்டறைப் பாராங் ஒன்று, களைக்கொத்து ஒன்று, நல்ல அரம் ஒன்று, ஒரு புட்டி விளக்கெண்ணெய் எல்லாம் வாங்கிவிடலாம். மீதியை எடுத்துவைத்து, ஆண்டுக்கு ஒருமுறை கருவிகளைத் தூக்கிக்கொண்டு ஒரு கொல்லரிடம் போகச் செலவிடலாம். கை வேலையை மதிக்கிறேன் என்று சொல்பவர் சீட்டுக்குக் கொடுக்கும் காசை அந்தக் கைக்குக் கொடுத்தால், கருவியும் நீடிக்கும், உலையும் அணையாது.